மைலோவுக்கு மடி

மைலோ ஆண் நாய். அதில் சந்தேகமே வேண்டாம். எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள ஒவ்வொரு வேலிக்கம்பத்துக்கும் அது தெரியும். அப்படிப்பட்டவனுக்குப் போன மார்ச்சில் மடி வைத்தது. அவன் வாசலில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான் கவனித்தேன். மிளகு அளவில் இருந்த காம்புகள் கொண்டைக்கடலை அளவுக்கு வீங்கியிருந்தன.

என் பெயர் பத்துமலை. இருபத்தாறு வருடமாக ஈப்போவில் ஏர்கோன் பழுது பார்க்கிறேன். கோளாறு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், காரணம் தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. மைலோவின் வயிற்றைப் படம் பிடித்து தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வளைகாப்பு எப்போது என்று பக்கத்து வீட்டு ராஜு கேட்டான். எல்லாரும் சிரித்தோம். என் மனைவி புனிதா மட்டும் சிரிக்கவில்லை. வாயில்லா ஜீவனின் உடம்பை ஊருக்கெல்லாம் காட்டுவீர்களா என்று கோபித்துக்கொண்டாள்.

நாய் டாக்டர் தக்ஷாயினி நிதானமான பெண். விதை இரண்டையும் தடவிப் பார்த்தார், கட்டி இல்லை. வயிற்றை ஸ்கேன் செய்தார், அங்கேயும் ஒன்றுமில்லை. ரத்தத்தில்தான் பெண் ஹோர்மோன் கூடுதலாக இருந்தது.

"வெளியில இருந்துதான் போகுது அங்கிள். வீட்டுல யாராச்சும் ஹோர்மோன் ஜெல் பூசுறாங்களா? எங்கேருந்துன்னு கண்டுபிடிக்கலன்னா ரத்தம் ஊறாது. உயிருக்கே ஆபத்து."

யாரும் பூசுவதில்லை என்று அடித்துச் சொன்னேன். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் என்ன இருக்கிறது?

வீடு திரும்பும் வழியில் மைலோ என் தொடையில் தலையை வைத்துக்கொண்டு வந்தான். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவன் பின்னாலேயே அலைந்தேன். எதை நக்குகிறான், எங்கே மோப்பம் பிடிக்கிறான், எல்லாவற்றையும் எழுதினேன். சவர்க்காரம், செம்பனைத் தோட்ட ஓரத்துப் புல், ராஜுவின் செருப்பு.

பத்து மணிக்குப் புனிதா குளித்துவிட்டுப் பின்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். மைலோ ஓடிப் போய் அவள் மடியில் சாய்ந்தான். முழங்கையிலிருந்து தோள்வரை சுத்தமாக நக்கினான். அவளும் கையை வாகாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கையில் என்ன பூசியிருக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். எழுந்து உள்ளே போனவள், கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். மாதவிடாய் நின்றபின் வரும் சூட்டுக்கு கிளினிக்கில் கொடுத்த ஜெல். கையில் பூச வேண்டியது. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"நானாங்க இவனுக்கு வெஷம் வெச்சேன்?"

தெரியாமல் நடந்தது, நிறுத்தினால் சரியாகிவிடும் என்றேன். ஆனால் என் வாய் சும்மா இருக்காதே. இதை ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன்.

புனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"சொன்னா ராஜுகிட்ட சொல்லி சிரிப்பீங்க. நாய்க்கு மடி வெச்சது ரெண்டே நாள்ல ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சி. ஒன்றரை வருஷமா நான் எரியுறேன். ரூமு சூடா இருக்குன்னு எத்தன தடவ சொன்னேன்?"

நான்கு தடவை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்கு தடவையும் ஏணியைத் தூக்கி வந்து அறை ஏர்கோனைத் திறந்து பார்த்தேன். வடிகட்டியைக் கழுவினேன். காஸ் குறையவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, உனக்குத்தான் பிரமை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வெட்கமாக இருந்தது. நோட்டுப் புத்தகத்தை மூடிப் படியில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பழுது பார்க்க முதல்முறை போகும் எந்த வீட்டிலும் நான் கேட்கும் கேள்விதான் வாயில் வந்தது.

"மொதல்ல எங்க ஆரம்பிக்கும், எப்ப?"

கேலி செய்கிறேனோ என்று என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.