கட்டம் கட்டமாகத் தெரிந்த பெயர்கள்

செங்கலடிச் சந்தியில் ஷெரோன் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தாள். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த பழைய மெஷின்கள்தான் அவளிடம் அதிகம் வரும். முழு விண்டோஸையும் அவை தாங்காது. தேவையில்லாதவற்றை வெட்டியெறிந்து, எடை குறைந்த விண்டோஸ் ஒன்றைத் தானே தயாரித்து சிடியில் வைத்திருந்தாள். அதைப் போட்டால் செத்த மெஷினும் ஓடும்.

2009 ஆவணியில் கதிரவெளியிலிருந்து கண்ணகை வந்தாள். உரப்பையில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று அவள் கையில் இருந்தது. சுனாமி முகாமில் பதிவு வேலை பார்த்த அவள் கணவன் ரதீஸுக்குக் கிடைத்த மெஷின் அது. 2006இல் வேலைக்கென்று கிளிநொச்சிக்குப் போனவன், சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டதால் அங்கேயே அகப்பட்டான். சண்டை முடிந்து மூன்று மாதமாகியும் தகவல் இல்லை.

“மெஷின் ஓடுதில்ல. அவர் எழுதினதெல்லாம் இதுக்குள்ள கிடக்கு தங்கச்சி. அழிஞ்சிராமப் பாருங்க.”

ஷெரோன் முதலில் ரதீஸின் கோப்புகளைப் பத்திரமாக வேறிடத்தில் எடுத்து வைத்தாள். பிறகு தன் விண்டோஸைப் போட்டாள். மெஷின் நன்றாகவே ஓடியது. ஆனால் கோப்பைத் திறந்தபோது திரை முழுக்க வெறும் கட்டங்கள்.

“இதென்ன? அவர் தமிழிலதானே எழுதினவர்!”

ஷெரோனுக்கு அப்போதுதான் புரிந்தது. எடை குறைக்க வெட்டியவற்றில் தமிழ் எழுத்தைக் காட்டும் பகுதியும் போயிருந்தது. பாட்டுக் கேட்கவும் கேம் விளையாடவும் மெஷினைத் திருத்தி வாங்கிப்போன எவரும் அதைத் தேடியதில்லை.

“என்ட பிழை அக்கா. தமிழ நான்தான் எடுத்துட்டன். கொஞ்சம் இரிங்க.”

மூல சிடியைத் தேடியெடுத்துத் தமிழைத் திரும்பச் சேர்த்தாள். மெஷின் திணறியது. பிறகு எழுத்துகள் வந்தன: ‘கடல் கொண்டுபோன எங்கட ஊராக்கள்’. கீழே பெயர்களும் வயதுகளும்.

கண்ணகையின் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கி ஓரிடத்தில் நின்றது. ‘துவாரகன், வயது 4.’

“எங்கட மகன்,” என்றாள். “வீட்டில அவன்ட பேரையே எடுக்கமாட்டார். கல்லு நெஞ்செண்டு ஏசினன். இத எழுதினவரெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே.”

ஷெரோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணகை கேட்டாள்:

“இதுக்குக் கீழ அவர்ட பேரையும் எழுதேலுமா?”

ஷெரோன் ‘ரதீஸ்’ என்று அடித்தாள்.

“வயது?”

“முப்பத்தி எட்டு...” கண்ணகை சட்டென்று திரையை மறைத்தாள். “வேணாம், அழிச்சிருங்க. அவர் இல்லையெண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லல்ல.”

ஷெரோன் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.