பக்கத்து சீட் பிரேக்

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். கட்டிய மனைவிக்கு மட்டும், தினமும் காலையில் வகுப்பு எடுத்தும், இன்னும் கற்றுக்கொடுத்து முடித்தபாடில்லை. அவளுடைய பழகுநர் உரிமம் காலாவதியாகும், அவரே அலைந்து புதுப்பித்துக் கொண்டுவந்து தருவார். டெஸ்ட்டுக்குத் தேதி கேட்டால் மட்டும், "உனக்கு இன்னும் கிளட்ச் பக்குவம் வரலைம்மா" என்பார். நேற்று சேர்ந்த தையல்காரர் அடுத்த மாதமே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு இனிப்போடு வீட்டுக்கு வருவார். அந்த இனிப்பை வாங்கி டப்பாவில் எடுத்து வைப்பது அவள் வேலை.

அவளுக்கு மருந்துக் கடையில் உத்தியோகம். முதலாளி ஊருக்கு வெளியே புதுக் கிளை திறக்கப் போகிறார், அதை முழுக்க அவளிடமே ஒப்படைக்க ஆசைப்படுகிறார். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. "கடை வண்டியை நீங்களே வச்சுக்குங்க. லைசென்ஸ் மட்டும் எடுத்துடுங்க. கோடை முடியறதுக்குள்ள ஒரு பதில் சொல்லிடுங்க, இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் அடுத்தவர் சொன்னபடி மாத்திரை எடுத்துக் கொடுத்தவளுக்கு, தானே நடத்தும் ஒரு கடை. கணக்கு நோட்டுக்கூட வாங்கி வைத்துவிட்டாள். அவ்வளவு ஆசை.

"கோடை முடியட்டும், போட்டுடலாம்" என்றார் மாஸ்டர்.

கோடையில் அவருக்கு வேறு தலைபோகிற காரியம் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் உரிமையாளர்கள் கூட்டம் ஒன்றில், கழுத்தில் விசில் மாட்டிய ஒரு பேச்சாளர், நாலு சுவருக்குள் கிடக்கும் குடும்பம் துருப்பிடித்துவிடும் என்று அடித்துச் சொல்லியிருந்தார். சொன்னவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கியிருப்பார். கேட்டவர் கூடாரம் வாங்கிவிட்டார். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பம் காட்டிலும் மேட்டிலும்தான் என்று அறிவிப்பு வந்தது. இரண்டு மகள்களில் பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சின்னவள் சிப்ஸ் உண்டா என்று மட்டும் விசாரித்தாள்.

போவது ஸ்கூல் கார். தலையில் போர்டு, பின்னால் 'பழகுநர்' எழுத்து, ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற மாஸ்டருக்கு ஒரு பிரேக். அந்தப் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து அவருடைய வலது காலுக்கே தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. டிவியில் கார் வேகமாக வந்தால் சோபாவில் இருந்தபடி தரையை மிதிப்பார். அவள் குழம்பில் உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் சமையலறை வாசலில் நின்று மிதிப்பார். வீட்டில் யாரும் இப்போது அதைக் கண்டுகொள்வதில்லை.

முதல் ஞாயிறு ஏரிக்கரை. கூடாரத்தை அடித்து முடித்து அவளும் மகள்களும் மூச்சு வாங்கும்போது, வாசல் தண்ணீரைப் பார்க்க இருப்பதை மாஸ்டர் கண்டுபிடித்தார். "பார்க்கிங்கே தப்பு. காலைல ரிவர்ஸ் எடுக்காம கிளம்புற மாதிரி இருக்க வேணாமா?" கூடாரம் பிடுங்கப்பட்டது. பொது ரோட்டையும் ஒரு குப்பைத் தொட்டியையும் பார்த்தபடி மறுபடி நின்றது. ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் வெளியே வந்து, கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு துடுப்புப் படகு. திரும்பும் முன் கையைக் காட்டச் சொன்னார். யாருக்கு என்று பெரியவள் கேட்டாள். ஏரியில் அவர்களையும் இரண்டு வாத்தையும் தவிர யாரும் இல்லை. "வாத்துக்கும் உசிர்தானே?" என்றார் மாஸ்டர்.

மூன்றாவது ஞாயிறு மலை. கார் போகிற வரைக்கும் போய் நிறுத்திவிட்டு, மீதியை நடந்து ஏற வேண்டும். ஒற்றையடிப் பாதையில் வரிசை மாறக்கூடாது, முந்துகிறவர் குரல் கொடுக்க வேண்டும், ஆளுக்கு ஆள் இடைவெளி விட வேண்டும் என்று நின்று நின்று விளக்கம் சொன்னதில், காலையில் புறப்பட்டவர்கள் வெயில் ஏறியும் முதல் ஓடையைத்தான் எட்டியிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் கார் தெரிந்தது.

ஓடையில் கல்லுக்குக் கல் தாவிப் போகவேண்டும். அவளுக்கு அதில் ஒரு பயமும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எட்டி ஒரு கால் வைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது, சிரிப்புக்கூட வந்தது. பின்னால் வந்த மாஸ்டருக்கு அது அதிவேகமாகத் தெரிந்தது. வலது காலால் ஓங்கி பிரேக் போட்டார். காலடியில் இருந்தது பாசிக் கல். பிரேக் பிடித்தது, மாஸ்டர்தான் நிற்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, "பாத்துப் போன்னு சொன்னேன்ல!" என்று அவளைத் திட்டினார்.

காருக்குத் தூக்கி வருவதற்குள் அவருடைய வலது கணுக்கால் பூசணிக்காய் ஆகியிருந்தது. போனில் சிக்னல் இல்லை. அக்கம்பக்கம் ஈ காக்கை இல்லை.

"நான் ஓட்டுறேன்" என்றாள்.

"மலை ரோடும்மா! உனக்குச் சமதரையிலயே..."

"வேற யாரு ஓட்டுவா? சின்னவளா?"

சின்னவள் கையைத் தூக்கினாள். பெரியவள் அதைப் பிடித்து இறக்கினாள்.

சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பழகுநர் ஸ்டியரிங்கில், பயிற்சியாளர் பக்கத்தில். முதல் வளைவில் மாஸ்டரின் வலது கால் பழக்கதோஷத்தில் பிரேக்குக்குப் போனது. "ஐயோ!" என்ற அலறலில் மலையே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது வளைவிலும் அதே அலறல். மூன்றாவது வளைவில் கால் ஒதுங்கிக்கொண்டது. அப்புறம் வாய் பொறுப்பேற்றது. "ஹாரன்! கியரைக் குறை! இந்தப் பக்கம் பள்ளம்! அந்தப் பக்கம் பாறை!" பள்ளத்தையும் பாறையையும் அவள் ஏற்கனவே பார்த்திருந்தாள். அவைதான் அந்த ரோட்டில் பெரிசாக இருந்தவை.

பாதி இறக்கத்தில் மர லாரி ஒன்று எதிரே முக்கிக்கொண்டு ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், அகலமான இடம் பின்னால் இருந்தது. ரிவர்ஸ். இத்தனை வருஷமாக 'உனக்கு வராது' என்று அவர் முத்திரை குத்திய ரிவர்ஸ். மாஸ்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார், வாயும் தானாக மூடிக்கொண்டது. அந்த நிசப்தத்தில் அவளுக்குக் கண்ணாடி தெளிவாகத் தெரிந்தது. மெல்ல, கோடு போட்டது போலப் பின்வாங்கி ஒதுங்கி நின்றாள். லாரிக்காரர் கையை உயர்த்திவிட்டுப் போனார்.

"போயிடுச்சா?" என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமல்.

"போயிடுச்சு."

 அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனக்கு ஓட்ட வரும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஊரில் பாதிப் பேரை ஓட்ட வைத்தவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும் என்பதும் அதே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அப்போது வந்த கோபத்தில் கியரைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் போட்டாள்.

அடிவாரத்து மருத்துவமனையில் கட்டுப் போட்ட டாக்டர், ஒரு மாசத்துக்கு அந்தக் காலால் எதையும் மிதிக்கக்கூடாது என்றார். வெளி பெஞ்சில் உட்கார்ந்து அவள் முதலாளிக்குப் போன் போட்டு, புதுக் கிளைக்கு வருகிறேன் என்று சொன்னாள். உள்ளே வந்து மாஸ்டரிடமும் சொன்னாள்.

"லைசென்ஸ்?"

"நாளைக்கே டெஸ்ட்டுக்குத் தேதி போடுங்க. இல்லேன்னா எதிர்த்தெரு ஸ்கூல்ல சேர்ந்துக்கிறேன்."

மாஸ்டருக்குக் கட்டுப் போட்ட கால் கூட இப்படி வலிக்கவில்லை. எதிர்த்தெருக்காரன் அந்த அட்மிஷனை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவான். "போட்டுடலாம்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பிள்ளைகள் பின் சீட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிப்போனார்கள்.  மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடி, "நீ பாஸாயிட்டா, அப்புறம் பக்கத்து சீட்ல நான் எதுக்கு?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டில்லை, மனுஷன் நிஜமாகவே கேட்டார். தினமும் காலையில் அந்த ஒரு வகுப்பு நேரம்தான் அவர்கள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்த நேரம். அதை விட மனசில்லாமல் அவளைப் பாஸாகவிடாமல் வைத்திருந்திருக்கிறார். பாவமாக இருந்தது. அதற்குத் தன்னுடைய வருஷங்களைப் போட்டதை நினைத்தால் பற்றிக்கொண்டும் வந்தது.

"பேச்சுத் துணைக்கு வாங்க. ஆனா ரோட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது."

மாஸ்டர் வாயைத் திறந்தார். வேகத்தடை ஒன்று வந்தது. மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். சிக்னல் வந்தது. மூடிக்கொண்டார். ரோட்டை எடுத்துவிட்டால் பெண்டாட்டியிடம் பேச என்ன இருக்கிறது என்று அவர் தேடுவது முகத்தில் தெரிந்தது. தேடிக்கொண்டே மார்க்கெட்டைத் தாண்டினார், பாலத்தைத் தாண்டினார்.

கடைசியில், "அந்த மருந்துக் கடையில உனக்கு என்னதாம்மா வேலை?" என்றார்.

வீட்டுத் தெரு வந்துவிட்டது. அவள் வண்டியை அதற்குள் திருப்பாமல், மெயின் ரோட்டிலேயே நேராக ஓட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.