சும்மா கிடைக்கும் சலவை

நான் மின்சார அலுவலகத்தின் புகார் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஊரே என்னைத் திட்டும். மாதக் கடைசியில் அதற்குச் சம்பளம் வரும். என் கணவரையும் ஆட்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள், உலகம் முழுக்க இருந்து, பல மொழிகளில். அவருக்கு ஒன்றும் வரவில்லை.

அவர் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர். பேச்சைப் பதிவு செய்யும்போது மின்விசிறி இரைச்சல், தெருவில் போகும் வண்டி, பக்கத்து அறைத் தண்ணீர்க் குழாய் எல்லாம் கூடவே பதிவாகிவிடும். அவற்றைத் துடைத்தெடுக்கும் மென்பொருள் வாங்கக் கூடத்தின் முதலாளிக்கு மனம் வரவில்லை. அதனால் பதினோரு வருடங்களுக்கு முன்னால் இவரே ஒன்றை எழுதினார். எழுதியவர் சும்மா இருந்திருக்கலாம். இணையத்தில் இலவசமாகப் போட்டார். உள்ளே எழுதியிருப்பதையும் திறந்து வைத்தார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். ‘சலவை’ என்று பெயரும் வைத்தார். காலை ஐந்து மணிக்கு எழுந்து, வேலைக்குக் கிளம்பும்வரை அதோடுதான் மல்லுக்கட்டுவார். சிலருக்குத் தோட்டம், சிலருக்கு நாய், இவருக்கு இது என்று நான் விட்டுவிட்டேன்.

போன வருடம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “அந்த மெயிலை மட்டும் கொஞ்சம் பாரேன். உடம்பு சரியில்ல, வந்து பார்க்கிறேன்னு ஒரு வரி போட்டா போதும்” என்றார்.

திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் காத்திருந்தன.

பதினெட்டு வருடம் கவுண்ட்டரில் உட்கார்ந்தவள் நான். எனக்கே காது கூசியது. “உன் குப்பையால என் பேட்டி பாழாப்போச்சு, நாளைக்குள்ள சரி பண்ணு” என்று ஒருவன். பொத்தானின் நிறம் பிடிக்கவில்லை என்று இன்னொருவன் நான்கு பக்கம். உடம்பு சரியில்லை என்று நான் போட்ட பதிலுக்கு ஒரு மகராசன் எழுதினான்: “உடம்பு சரியில்லன்னா வேற ஆளை வைக்கணும். இவ்வளவு பேர் நம்பி இருக்கோம். பொறுப்பு வேண்டாமா?”

சலவையின் இணையப் பக்கத்தின் ஓரத்தில் ‘விரும்பினால் உதவலாம்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. பதினோரு வருடத்தில் அதைத் தொட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவன் ஒரு டீ குடிக்கிற காசை அனுப்பிவிட்டு, அன்றிலிருந்து பதினேழு கடிதம் எழுதியிருந்தான். ஒவ்வொன்றும் ‘ஒரு ஆதரவாளர் என்ற முறையில்’ என்று ஆரம்பித்தது.

“இவங்களுக்கெல்லாம் நீங்க மன்னிப்புக் கேட்டு வேற எழுதியிருக்கீங்க” என்றேன்.

“பாவம், அவங்க அவசரம் அவங்களுக்கு” என்றார், மஞ்சள் கண்ணோடு.

அந்தக் குவியலில்தான் பெரிய கம்பெனியின் கடிதமும் கிடந்தது. தொலைவில் இருப்பவர்கள் கூடிப் பேசுவதற்கான செயலி ஒன்றை அவர்கள் விற்கிறார்கள். அதற்குள் இருந்து இரைச்சலை நீக்குவது சலவைதான். எங்களுக்கு அதுவரை தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டாயமும் இல்லை. அவர்களே உள்ளே கையை விட்டு எதையோ மாற்றியிருக்கிறார்கள். இப்போது எல்லார் குரலும் வாளிக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி கேட்கிறதாம். ‘வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து தரவும். மேலும், தங்கள் சேவையைப் பாராட்டிக் கௌரவிக்க விரும்புகிறோம்.’

நடமாட முடிந்ததும் இவர் கிளம்பிவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை வேறு. நானும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

பதினான்காவது மாடி. எல்லாப் பக்கமும் கண்ணாடி. வரவேற்றவருடைய பதவி ‘சமூக உறவு மேலாளர்’. எந்தச் சமூகம், என்ன உறவு என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. மேசைமேல் கண்ணாடிக் கேடயம் ஒன்று இருந்தது. அதில் ‘சலவைக் குழுவினருக்கு’ என்று பொறித்திருந்தார்கள்.

“குழுவுல மத்தவங்க வரலையா?” என்றார் மேலாளர், கதவைப் பார்த்தபடி.

“குழுவே இவர்தான்” என்றேன்.

அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கேடயத்தைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். இவருடைய கண் மஞ்சளாக இருக்கிறது என்று விளக்கைத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். பிறகு, பழைய கெடு தாண்டிவிட்டதால் இந்த வெள்ளிக்கிழமைக்குள்ளாவது வேண்டும் என்ற பேச்சு ஆரம்பமானது.

“இந்தச் செயலியில இங்க எத்தனை பேர் வேலை செய்றாங்க?” என்று கேட்டேன்.

“நாப்பது பேர்” என்றார் பெருமையாக.

“அதுல இந்த ஒலிப் பகுதி தெரிஞ்சவங்க?”

மேலாளர் தண்ணீர் குடித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த பொறியாளர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “ஒருத்தரும் இல்ல மேடம். அதான் இவரைக் கூப்பிட்டோம்.” அந்தப் பதினான்கு மாடியில் மனுஷனாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மேலாளர் சமாளித்துக்கொண்டார். “சார், நீங்க செய்றது சேவை. சேவைக்கு விலை போட முடியுமா, சொல்லுங்க.”

“நீங்க போட்டிருக்கீங்களே. மாசாமாசம் சந்தா வாங்குறீங்கல்ல?”

இவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

கடைசியில் ஒரு காகிதத்தை நகர்த்தினார்கள். சலவையின் பெயரையும் உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டால் இவருக்கு அங்கே நல்ல சம்பளத்தில் வேலை.

“திறந்தே இருக்குமா? இல்ல, மூடிடுவீங்களா?” என்றார் இவர்.

“அது நிர்வாகத்தோட முடிவு சார்.”

“அப்போ வேண்டாம்.” காகிதத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் படித்துப் பதிவு செய்கிற ஒரு நூலகம் சலவையைப் பயன்படுத்துகிறது. சதுப்பு நிலத்தில் தவளைகளின் சத்தத்தைப் பதிவு செய்கிற ஒரு பெண் பயன்படுத்துகிறாள். மூடிவிட்டால் அவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள் என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அரை நிமிடம்.

“அப்போ வெள்ளிக்கிழமை...?” என்றார் மேலாளர், வெட்கமே இல்லாமல்.

“பார்க்கிறேன் சார்” என்றார் என் கணவர்.

பேருந்தில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். “காலை வாருறவனுக்கு முதுகையும் காட்டுவீங்களா? அவங்க கெடுத்ததை நீங்க எதுக்குச் சரி பண்ணணும்?”

“சட்டப்படி அவங்க செஞ்சதுல தப்பில்ல. எடுத்துக்கோன்னு நான்தானே போட்டேன்.”

“எடுத்துக்கட்டும். உங்களையும் சேர்த்து எடுத்துக்கோன்னு எங்க போட்டீங்க?”

“அந்தக் குரல் வாளிக்குள்ள கேட்குதும்மா. என்னால அதைக் கேட்க முடியல.”

இந்த மனிதரை என்ன செய்வது? கம்பெனிக்காரர்களை நான் கேவலமாக நினைத்தேன். இவரை நினைத்தால் அதைவிட எரிச்சலாக வந்தது.

அன்றே உட்கார்ந்து, எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகை பாணியில் எழுதினேன். ‘சலவை இலவசம். இனியும் இலவசம்தான். அதைச் செய்யும் ஆள் இலவசம் அல்ல. குறை சொல்ல எதுவும் தர வேண்டாம், முடிந்தபோது பார்க்கப்படும். இன்ன தேதிக்குள் வேண்டும் என்பவர்கள் வருடச் சந்தா கட்ட வேண்டும். ரசீது தரப்படும். இங்கே இருப்பது ஒரே ஆள். காமாலை வந்தால் படுத்துக்கொள்வார்.’ அவர் அதில் இரண்டு இடத்தில் ‘தயவுசெய்து’ சேர்த்தார். இரண்டையும் எடுத்துவிட்டு வெளியிட்டேன்.

வந்தது பாருங்கள் மழை. பணப்பேய், துரோகி, முதுகில் குத்தியவன். டீக்காசு ஆதரவாளன் தன் ஆதரவை விலக்கிக்கொள்வதாக அறிவித்தான். அவனுடைய டீக்காசை அன்றே திருப்பி அனுப்பினேன். பத்து நாள் வேறு எதுவும் வரவில்லை. இவர் முகம் தொங்கிப்போனது.

“எல்லாரும் போயிடுவாங்க” என்றார்.

“போகட்டுமே. கொண்டுபோக அவங்ககிட்ட என்ன இருக்கு?”

பதினோராம் நாள் தவளைப் பெண் கட்டினாள். அடுத்து அந்த நூலகம். பிறகு இரண்டு வானொலி நிலையங்கள். அதில் ஒன்றின் நிர்வாகி தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, நாங்க எப்பவோ குடுக்கலாம்னுதான் இருந்தோம். ரசீது இல்லாம ஆபீஸ்ல எப்படிம்மா பணம் எடுக்கிறது? ‘விரும்பினால் உதவலாம்’னு போட்டா எங்க தணிக்கைக்காரர் என்னை விரும்புவாரா?”

எனக்குச் சுருக்கென்றது. தினம் இருநூறு புகாருக்கு ரசீது கிழிக்கிறவள் நான். அதே வீட்டில் பதினோரு வருடம் ஒருவர் ரசீதுப் புத்தகம் இல்லாமல் தர்மம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு முட்டாள்கள் ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டிருக்கிறோம்.

கம்பெனிக்கான திருத்தத்தை இவர் அவர்களைப் பார்த்துவிட்டு வந்த வாரம் புதன்கிழமையே முடித்துவிட்டார். நான் அனுப்பவிடவில்லை. வெள்ளி வந்தது, போனது. மூன்றாவது வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனித் தலைவர் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் தன் செயலியிலேயே ஆண்டு உரை நிகழ்த்தினார், வாளிக்குள் இருந்து. ஊர் சிரித்தது. திங்கட்கிழமை சந்தா வந்துவிட்டது, திருத்தத்தை அனுப்பவிட்டேன். கூடவே அவர்களுடைய கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் பேசினாள்.

“சலவைன்னு போட்டிருக்கு. எத்தனை செட் யூனிஃபார்ம் மேடம்?”

விளக்கிச் சொன்னேன். சும்மா கிடைக்கிற மென்பொருளுக்குப் பணம் கட்ட அவர்கள் கணக்கில் செலவுத் தலைப்பே இல்லையாம். துணி வெளுக்கும் செலவில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டதாம், மாற்றினால் மறுபடி மூன்று பேர் கையெழுத்து வேண்டுமாம். அப்படியே இருக்கட்டும் என்றேன். அந்த நாற்பது பேர் மூளைக்கு அந்தத் தலைப்பே போதும்.

வந்ததை வைத்து அரை நேரத்துக்கு இன்னொரு ஆள் போடலாம் என்றானது. தவளைப் பெண்ணுக்கு நிரல் எழுதவும் தெரியும். தன் பதிவுகளுக்காகச் சலவையை அவள் அடிக்கடி பிரித்து மேய்ந்திருக்கிறாள். அவளையே கேட்டோம். சேர்ந்து ஒரு வாரம் ஆகவில்லை, ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி. ஸ்பீக்கரில் போட்டார்.

“இந்த மூணாவது வடிகட்டியை எழுதின ஆள் யாருங்க? கண்ணை மூடிக்கிட்டு எழுதினாரா? ஒரே கணக்கை ரெண்டு தடவை போடுது!”

“நான்தான்” என்றார் இவர், பரீட்சையில் தேறிய பையன் மாதிரி.

“காரணம்னு எதாவது இருக்கா, இல்ல தூக்கக் கலக்கமா?”

பதினோரு வருடத்தில் அவர் எழுதியதை உள்ளே படித்துப் பார்த்துவிட்டு அவரைத் திட்டியவள் இவள் ஒருத்திதான். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காரணம் சொல்ல ஆரம்பித்தார். அவள் ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளினாள். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கவுண்ட்டருக்குக் கிளம்பினேன். கதவைச் சாத்தும்போது, “சரி, ரெண்டாவது தடவை தேவையில்லதான்” என்று அவர் ஒப்புக்கொள்வது கேட்டது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.