கூடுதல் பொறுப்பு

சைனம்புவின் நாற்பதாம் நாள் ஓதி முடித்த மறுநாள் காலையில் அவளுடைய ஃபோன் அடித்தது. கணவர் சுபுஹான் எடுத்தார். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து ஒரு பெண் பேசினாள். பிள்ளைக்கு அடுத்த ஊசி இந்தப் புதன்கிழமையா, அதற்கடுத்த புதனா என்று கேட்டாள். சைனம்பு மௌத்தானது அவளுக்குத் தெரியாததில்லை. மையத்து எடுத்த அன்று வந்து அழுதுவிட்டுப் போனவள்தான். ஆனால் ஊசிக்கு நாள் கேட்க அவளிடம் வேறு நம்பர் கிடையாது.

கீழ் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் துணை சுகாதார நிலையத்தில் சைனம்பு முப்பது வருடத்துக்கும் மேலாகக் கிராம சுகாதார செவிலியராக இருந்தாள். தாய்மார்களின் அட்டைகளிலெல்லாம் அவள் நம்பர்தான் எழுதியிருந்தது. அறுபது நிறைந்து ஓய்வு பெற்றாள்; அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. வருகிற வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயால் சொன்னவள், வருவதற்குள் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பக்கத்து நிலையத்து எல்சாவிடம் கூடுதல் பொறுப்பு என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டார்கள். எல்சா புதன்கிழமைதோறும் வருவாள். மற்ற நாட்களில் அவள் இருக்கும் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது.

ஆக மிச்சமிருந்தது சுபுஹான். கோத்தகிரி பஜாரில் குடை, மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ் வியாபாரம். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கும் அவரிடம் கிடைக்கும். சுகாதாரத் துறைக்கும் அவருக்கும் அதுவரை இருந்த சம்பந்தம், அதைத் திட்டுவது மட்டுமே. பிரசவ வலி எவளுக்கோ, ஆறிப்போன சோறு எனக்கு என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அந்த மனிதர் அன்றைக்கு, "இந்தப் புதன்தாம்மா. அட்டையை மறக்காம எடுத்துட்டு வா" என்றார். சொன்ன பிறகு தன்னை அறியாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அப்படித்தான் அவர் பணியில் சேர்ந்தார். தேர்வு இல்லை, நேர்காணல் இல்லை, இனச்சுழற்சி இல்லை. இத்தனை வயதில் அரசு வேலை கிடைத்த ஒரே ஆள் தானாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது. எல்சா எந்தப் புதன் எங்கே உட்காருவாள், யாருக்கு எத்தனையாவது மாதம், எந்த வளைவுக்கு மேலே ஆம்புலன்ஸ் ஏறாது என்பதெல்லாம் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. குடை வாங்க வந்தவர்கள் காத்திருக்க, அவர் ஃபோனில் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று விளக்கிக்கொண்டிருப்பார். கோயமுத்தூரில் இருக்கும் மகள் நாஜ்னீன், "அத்தா, அந்த சிம்மைக் கழட்டித் தூக்கிப் போட்டுடுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். ஊர் கஷ்டப்படுமே என்றார். ஊர் ஒரு சாக்கு. அந்த ஃபோன் அடிக்கும்போது, கூப்பிடுகிறவள் முதலில் கேட்பது, "ஏனுங்க, நர்ஸம்மா வீடுங்களா?" அதற்கு ஆமாம் என்று சொல்ல அவருக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் வர்ஷா என்ற பெண் கூப்பிட்டாள். ஃபாக்டரி லைன் வீட்டுக்காரி, எட்டு மாதம். இரண்டு காலும் வீங்கிக் கிடக்கிறது, பூட்ஸே நுழையவில்லை என்றாள்.

"எத்தனாம் நம்பரும்மா போடறே?" என்று கேட்டார் சுபுஹான்.

"ஆறுங்கண்ணா."

"ஏழு இருக்குது. நாளைக்கு வந்து வாங்கிக்க."

பிரச்சினை தீர்ந்த திருப்தியில் அவர் ஃபோனை வைத்தார். மறுநாள் புதன். ஏழாம் நம்பர் பூட்ஸ் வாங்கப் புறப்பட்ட வர்ஷாவை வழியில் எல்சா பார்த்தாள். கையைப் பிடித்து உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தவள், அது எகிறியிருப்பதைக் கண்டு அங்கேயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லி ஊட்டிக்கு அனுப்பினாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். குறைமாதப் பிள்ளை; கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

எல்சா அன்று கடைக்கு வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"சைனம்பு அக்காகிட்ட இதைச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க பாய்?"

அவருக்குத் தெரியும். சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு ஓடியிருப்பாள். அவர் பின்னாலிருந்து திட்டியிருப்பார்.

"நான் பூட்ஸ் விக்கறவன்மா. கால்னு சொன்னதும் எனக்கு அதுதான் தோணுச்சு" என்றார். சொல்லும்போதே கேவலமாக இருந்தது.

மறுவாரம் கடையைப் பூட்டிவிட்டு ஊட்டிக்குப் போனார். இந்த நியமனங்களையெல்லாம் பார்க்கும் அலுவலகத்தில் கீர்த்திவாசன் என்ற அதிகாரி இருந்தார். நர்ஸ் போடச் சொல்லி சுபுஹான் எழுதிக் கொண்டுபோன மனுவை வாங்கிப் படித்தார். நல்ல மனிதர், டீ வரவழைத்தார். எந்த மையத்தில் எத்தனை பேர், எங்கே ஆள் இல்லை என்ற விவரமெல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் பார்த்தபடி, மாவட்டத்தில் காலியிடங்கள் பல இருக்கின்றன, வரப்போகிற ஆட்கள் கொஞ்சம், அதனால் எங்கே நிலைமை மோசமோ அங்கேதான் முதலில் போட முடியும் என்று விளக்கினார்.

"உங்க சென்டர்ல இருந்து ஒரு புகார்கூட வந்ததில்லைங்க. தடுப்பூசி எல்லாம் நூறு சதவீதம். யாரோ அங்கே ரொம்ப நல்லா ஒருங்கிணைக்கறாங்க. புகாரே இல்லாத இடத்துக்கு ஆள் போடுங்கன்னு நான் எப்படிங்க மேலே எழுதறது?"

சுபுஹானுக்கு டீ புரையேறியது. பாராட்டு என்று நினைத்து ஒரு கணம் முகம் மலர்ந்ததை நினைத்தால் இப்போதும் அவருக்கு உடம்பு கூசும். இத்தனை மாதமாக ஊருக்கு நர்ஸ் வராமல் பார்த்துக்கொண்டது யார் என்று ஒரு டீக்குள் புரிந்துவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவர்தான். அவர் எழுந்தால்தான் வேறொருவர் உட்கார முடியும்.

எழுவதென்றால் ஃபோனை அணைக்க வேண்டும். அணைத்தால் இன்னொரு வர்ஷா யாரைக் கூப்பிடுவாள்? அன்று இரவெல்லாம் அவர் அதைத்தான் யோசித்தார் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். யோசித்தது அதில்லை. இனிமேல் இந்த ஃபோன் அடிக்காது என்பதைத்தான்.

காலையில் பக்கத்துச் செல்ஃபோன் கடை ஜாகீரிடம் போனார். இந்த நம்பருக்கு வரும் அழைப்பையெல்லாம் வேறு நம்பருக்குத் திருப்பிவிட முடியுமா என்று கேட்டார். டைவர்ட் போட்டால் தீர்ந்தது மாமா என்றான் ஜாகீர். யாருக்கு என்று கேட்டதற்கு, சட்டைப் பையிலிருந்து கீர்த்திவாசன் கொடுத்திருந்த கார்டை எடுத்து நீட்டினார்.

"இது பெரிய ஆபீசருங்களே மாமா."

"ஆமாடா. அவருக்குத்தான் பொறுப்பு."

அன்று ஃபோன் அடிக்கவில்லை. மத்தியானம் வரை கடையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை ஜாகீர் எதையாவது கெடுத்து வைத்திருப்பானோ என்று சந்தேகம் வந்தது. தன்னுடைய ஃபோனை எடுத்து, சைனம்புவின் நம்பரை அழைத்தார்.

"ஹலோ" என்றது கீர்த்திவாசனின் குரல்.

என்ன பேசுவதென்று சுபுஹான் யோசித்து வைத்திருக்கவில்லை. இந்த நம்பரைக் கூப்பிட்டு சைனம்புவிடம் அவர் காலமெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான். வாயில் அதுதான் வந்தது.

"எப்ப வருவாங்க?"

"யாருங்க?"

"நர்ஸம்மாங்க."

மறுமுனையில் பெருமூச்சு. எந்த சென்டர் என்று கேட்டார் அதிகாரி. சொன்னதும், "காலையிலேர்ந்து எல்லாம் அதே சென்டர்தான். பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"சுபுஹானுங்க."



"பாய், இது நீங்க பண்ணின வேலையா?"

"இல்லீங்க சார். இத்தனை நாளா பண்ணிட்டு இருந்த வேலையை இன்னிக்கு விட்டுட்டேன்."

ஃபோன் வைக்கப்பட்டது. போலீஸ் வரும் என்று இரண்டு நாள் எதிர்பார்த்தார். வரவில்லை. எல்சா சொல்லித்தான் தெரிந்தது: அதிகாரி ஒவ்வொரு அழைப்பையும் தானே எடுத்தாராம், எடுத்துத் தடுமாறி எல்சாவின் மேலதிகாரிகளைத் துரத்தினாராம், கூட்டத்தில் தன் ஃபோனையே மேசை மேல் வைத்து, இது அடிப்பதைக் கேளுங்கள் என்றாராம். மழைக்காலம் முடிவதற்குள் பிரிஸில்லா என்ற பெண் நெல்லியாளத்திலிருந்து மாற்றலில் வந்து சேர்ந்தாள். சின்ன வயது, வேகமான நடை. சுபுஹான் கடையில் மழைக்கோட்டு வாங்கினாள். அவர் விலையைக் குறைக்கவில்லை. முன்னாள் ஊழியர் சலுகை தரும் வழக்கம் இல்லையல்லவா.

டைவர்ட்டை எடுத்துவிடலாமா என்று ஜாகீர் கேட்டான். வேண்டாம், அந்தப் பெண்ணின் நம்பருக்கு மாற்றிப் போடு என்றார். இப்போதும் அட்டைகளில் இருப்பது சைனம்புவின் நம்பர்தான். யார் அழைத்தாலும் பிரிஸில்லா எடுக்கிறாள். பேசாத ஃபோனுக்கு எதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் என்று நாஜ்னீன் கேட்கிறாள். ஊர் கஷ்டப்படும் என்கிறார் சுபுஹான். இந்த முறை அது பொய்யில்லை.

அவர் மட்டும் அந்த நம்பரை அழைப்பதில்லை. அழைத்தால் பிரிஸில்லாதான் எடுப்பாள். எப்ப வருவே என்று அவளிடம் கேட்க முடியாது.