பெண்கள் வாசல் நோட்டு

பேயை வேப்பிலையால் அடித்து, அது செத்த அதே அறைக்குள் தள்ளி, மறுபடி பூட்டுப் போடும் இடத்தில் எங்கள் டாக்கீஸில் விசில் பறக்கும். ஆண்கள் பக்கம் மட்டுமில்லை, தட்டிக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்களும் கைதட்டுவார்கள். நான் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொள்வேன். பன்னிரண்டு வருஷமாகப் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள் நான். படம் ஆரம்பித்தால் கதவைச் சாத்த வேண்டும், முடிந்தால் திறக்க வேண்டும். கருத்துச் சொல்வது மயிலம்மாளின் வேலை இல்லை என்று மேனேஜர் அழகிரி சொல்வார். அவர் கிடக்கிறார்.

அந்த வருஷம் பொங்கலுக்கு வந்த படம் அது. பெண்கள் ஹாஸ்டலில் பதினாறு வயசுப் பெண் ஒருத்தி. யாருக்கோ வந்த காதல் கடிதம் அவள் பெட்டியில் கிடைக்கிறது. வார்டன் என்ன ஏது என்று விசாரிக்காமல் அவளை மாடி அறையில் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறாள். பெண் உள்ளேயே செத்துப்போய், வெள்ளைச் சேலையும் விரித்த தலையுமாகக் கூடப் படித்தவர்களை மிரட்ட வருகிறாள். டாக்டருக்குப் படித்த கதாநாயகன் போயும் போயும் ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்து பேயை அடக்குகிறான். கடைசியில் வார்டன் எல்லாப் பெண்களுக்கும் புத்தி சொல்கிறாள், சுபம். நல்லா இருக்கிறதா கதை?

நாலாவது வாரம் கூட்டம் குறைந்ததும் சென்னையிலிருந்து படக் கம்பெனி ஆள் வந்தார். ரசிகர்கள் கருத்தை எழுதி வாங்குங்கள், நல்லதாகப் பொறுக்கி நோட்டீஸ் அடித்துவிடலாம் என்றார். ஆண்கள் வாசலில் ஒன்று, பெண்கள் வாசலில் ஒன்று என நீளநோட்டு வைத்து, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டார்கள். எங்கள் பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. அஞ்சாங்கிளாஸ் படித்த நானே கேட்டுக் கேட்டு எழுதினேன்.

"பேய்க்குக் காலு தெரியுதுடி. மருதாணி வேற வச்சிருக்கு" என்றாள் ஒருத்தி. சமயபுரத்திலிருந்து வந்த ஒரு மாமியார், "பொட்டப்புள்ளைய ஹாஸ்டல்ல போட்டுப் படிக்க வச்சா இப்பிடித்தான் பேயாத் திரியும்னு எழுது" என்று மருமகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எந்தப் படம் வந்தாலும் முதல் வாரமே பார்த்துவிட்டு மறுபடி மறுபடி வரும் பாலக்கரை சாரா பீவி, "புகை நல்லா விட்டிருக்கானுங்க. கதையத்தான் விட்டுட்டானுங்க" என்றார். எல்லாவற்றையும் எழுதினேன். யாரும் பேர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சினிமாக் கொட்டகையில் போய் எந்தப் பெண் பேரைக் கொடுப்பாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி விட்டதும் ரெங்கநாயகி வந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா காளியாயியோடு வந்திருந்தாள். இரட்டைப் பின்னல், மெலிந்த கை.

"நானே எழுதட்டுமாக்கா?" என்றாள்.

நோட்டைக் கொடுத்தேன். முதலில் இடது பக்கம் ஓரமாக மார்ஜின் கோடு போட்டாள். மேலே வீ. ரெங்கநாயகி, பதினோராம் வகுப்பு, ஆ பிரிவு என்று எழுதி, பள்ளிக்கூடத்துப் பேரையும் போட்டு, அடியில் கோடிழுத்தாள். பரீட்சைப் பேப்பர் மாதிரி.

"பேரெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"பேரு இல்லாத பேப்பர டீச்சர் திருத்த மாட்டாங்கக்கா."

நான் சிரித்தேன். பென்சிலைப் பிடுங்கி அந்த வரியை அடித்திருக்க வேண்டும். எனக்கு அந்த அறிவு இல்லாமல் போயிற்று. எத்தனை அழகான கையெழுத்து என்று வேறு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் எழுதியது இதுதான்: 'எனக்குப் பேயைப் பார்த்துப் பயம் வரவில்லை. பூட்டிய கதவைப் பார்த்துத்தான் பயம் வந்தது. அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவளைப் பூட்டிய வார்டனைக் கடைசிவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்தவளைத்தான் எல்லாரும் அடிக்கிறார்கள். அதற்குக் கைதட்டுகிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை.'

அடுத்த வாரமே ரோஸ் கலர் நோட்டீஸ் வந்துவிட்டது. ஜட்கா வண்டியில் தட்டி கட்டி, தம்பட்டம் அடித்து, சத்திரத்திலிருந்து மலைக்கோட்டையைச் சுற்றி, காவிரிப் பாலம் தாண்டி, அம்மா மண்டபம் வரைக்கும் வீசிக்கொண்டே போனார்கள். நான் அதைப் படிக்கவில்லை. படக் கொட்டகை நோட்டீஸ் எனக்கு என்ன புதுசா?

பத்து நாள் கழித்துக் காளியாயி மேட்னிக்கு முன்னால் வாசலில் வந்து நின்றாள். மடியிலிருந்து நாலாய் மடித்த நோட்டீஸை எடுத்து என் கையில் வைத்தாள். 'ஐயோ! மூன்று முறை பார்த்தேன்! மூன்று முறையும் மூர்ச்சையானேன்! நீங்களும் வாருங்கள்!' கீழே வீ. ரெங்கநாயகி, வகுப்பு, பிரிவு, பள்ளிக்கூடம், ஒன்று விடாமல்.

"பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு மூணு தடவ கொட்டாய்க்குப் போனவள்னு வெளிய நிறுத்திட்டாங்கம்மா. பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாளுதான் இருக்கு. ஒம் பேர அனுப்ப மாட்டேன்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க" என்றாள். "அவங்கப்பா வாழைக்கொல்லையிலேருந்து வந்து, படிச்சது போதும், சித்திரையில ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடுறேங்கிறாரு. புள்ள சொல்றத யாரும் கேக்கலம்மா. தினமும் காலையில போயி ஸ்கூல் கேட்டுக்கு வெளிய புங்கமரத்தடியில நிக்கிறா. சாயங்காலம் வர்றா."

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். அழகிரி காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ணு இதையாங்க எழுதுச்சு?"

"ஏன் மயிலு கத்துற? கம்பெனி ஆளு அத வச்சு என்னய்யா பண்றதுன்னான். ஆனா பேரு நல்லா இருந்துச்சு, ஸ்கூல் பேரோட. படிக்கிற புள்ளைங்க பாக்குற படம்னு தெரியணும்ல? அதனால கருத்த மட்டும் மாத்தினோம்."

"கருத்த மாத்தின கைக்குப் பேர மாத்தத் தெரியலையா? ஒங்க பொண்ணும் பத்தாவதுதானே படிக்குது, அது பேரப் போட வேண்டியதுதானே!"

"நாக்க அடக்கிப் பேசு!"

அவர் முகம் செத்துவிட்டது. தன் பெண் என்றதும் எப்படிச் சுடுகிறது பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்கள் என்றேன். டாக்கீஸ் பேர் கெட்டுவிடுமாம். முடியாது என்று காபியைக் குடித்தார். நான் அலமாரியிலிருந்த நீளநோட்டை அவர் கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டு வந்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பின்னாலிருந்து கத்தினார். சரிதான் போங்க என்றேன்.

அன்று மேட்னிக்கு என் வாசலில் நான்தான் நின்றேன். இடைவேளையில் விளக்குப் போட்டதும் பெண்கள் பக்கம் நடுவில் போய், முறுக்குக்காரியை உட்காரச் சொல்லிவிட்டு, நோட்டைப் பிரித்து ரெங்கநாயகி எழுதியதை உரக்க வாசித்தேன். பிறகு நோட்டீஸை வாசித்தேன். பிறகு புங்கமரத்தடியைச் சொன்னேன்.

"அடப் பாவிகளா, எழுதினவளையே பூட்டிட்டானுங்களா?" என்று சாரா பீவிதான் முதலில் எழுந்தார். "அந்தப் புள்ள எழுதினதுக்குக் கீழ எம் பேரப் போடு மயிலு. வூட்டு நம்பரும் போடு. எவன் என்ன கேப்பான், பாத்துடலாம்!"

பேர் கொடுக்காத பெண்கள் அன்றைக்குப் பேர் கொடுத்தார்கள். திருவெறும்பூர் ரெங்கம்மாள், உறையூர் லூர்து, காட்டூரிலிருந்து பொன்னாயி. எழுதத் தெரியாதவர்கள் கண்மையைத் தொட்டுப் பெருவிரலை வைத்தார்கள். அந்தச் சமயபுரத்து மருமகளும் இரண்டாம் தடவையாக வந்திருந்தாள். மாமியார் முறைக்க முறைக்க, தானே கையெழுத்துப் போட்டாள். இடைவேளை மணி மூன்று தடவை அடித்தும் யாரும் உட்காரவில்லை. அந்தப் பக்கம் ஆண்கள் விசிலடித்து, படத்தைப் போடு என்று கத்தினார்கள். கத்தட்டும்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புங்கமரத்தடியில் ரெங்கநாயகி பையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "நான் அப்பிடி எழுதலக்கா" என்றாள். எனக்குத் தெரியாதா கண்ணு என்று சொல்லிவிட்டு நோட்டோடு உள்ளே போனேன்.

பெரிய டீச்சர் அக்னஸ் அம்மா நோட்டைத் தொடவில்லை.

"சினிமாவுக்குப் போனது உண்மைதானே?"

"ஒரே ஒரு தடவை போச்சுங்க, பெத்த தாயோட. ஞாயித்துக்கிழமை. டிக்கெட்டக் கிழிச்சது இந்தக் கைதான். இன்னும் ரெண்டு தடவை வந்ததா சொல்றது அச்சடிச்ச காயிதம். நீங்க புள்ளைய நம்புவீங்களா, காயிதத்த நம்புவீங்களா?"

"ஊர் பூரா எங்க ஸ்கூல் பேரு பறந்திருக்கு. இருநூறு பொண்ணுங்களப் பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

"அது பேரும்தான் பறந்துச்சு டீச்சரம்மா. அதுக்கு யாரு பதில் சொல்றது? இதப் படிச்சுட்டுச் சொல்லுங்க. ஒங்க ஸ்கூல்ல சொல்லிக் குடுத்த மாதிரி மார்ஜின் போட்டு எழுதியிருக்கு."

அவர் கண்ணாடியை மாட்டினார். படித்தார். கீழே இருந்த பேர்களையும் மைவிரல்களையும் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார், அங்கேயும் இருந்தன. மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். வார்டனைப் பற்றிய வரியில் அவர் விரல் நின்றதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"அந்தப் பொண்ண வரச் சொல்லு" என்று ஆயாவிடம் சொன்னார். என்னிடம், "நான் அவகிட்ட தனியாப் பேசணும். நீங்க வெளிய இருங்க" என்றார்.

ரெங்கநாயகி வந்தாள். செருப்பை வெளியே விட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போனாள். நான் வராந்தாவுக்கு வந்தேன். ஆயா கதவைச் சாத்தினாள். பன்னிரண்டு வருஷம் நான் செய்த அதே வேலை, அதே மாதிரி, சத்தம் வராமல்.

கதவு முழுசாகச் சேர்வதற்குள் இடையில் என் பாதத்தை வைத்தேன். வலித்தது.

"காலை எடும்மா" என்றாள் ஆயா.

எடுக்கவில்லை. நாலு விரல் இடைவெளியில் ரெங்கநாயகியின் பின்னல் தெரிந்தது.