அகுவாந்தா

என் அம்மா பாக்கியலட்சுமி என்னை "நீங்க" என்று கூப்பிடுகிறாள். மருத்துவர் அதை மறதி நோய் என்கிறார். அந்த நோய்க்கு ஆள் பார்த்துப் பொறுக்கியெடுக்கத் தெரியும் என்பேன் நான். மெல்பர்னில் இருக்கும் அக்கா அனிதாவை அது தொடவே இல்லை. பக்கத்திலேயே இருந்து மலமும் மூத்திரமும் துடைக்கிற இனியாவை, அதாவது என்னை, மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டது. "ஏம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க," என்பாள். பெற்ற மகளுக்கு இவ்வளவு மரியாதை! ஒரே ஒரு தடவை "ஏன்டி" என்று திட்டினால்கூடப் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

சிராங்கூன் சாலை நகைக்கடை வேலையை விட்டதும் அவளுக்காகத்தான். சனிக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வார். நான் ஜாலான் புசார் பக்கம் பாட்டு போட்டு ஆடும் உடற்பயிற்சி வகுப்புக்கு ஓடுவேன். அங்கேதான் அந்த ஸ்பானியப் பாட்டைக் கேட்டேன். தொண்டை கட்டியது போன்ற ஒரு பெண் குரல். வரிக்கு வரி "அகுவாந்தா, அகுவாந்தா" என்று வரும். பயிற்சியாளர் ரெனீ அந்த மொழி படித்தவள்.

"அப்படின்னா என்ன ரெனீ?"

"ஹேங் ஆன்னு சொல்வோம்ல, அதுதான் லா. தமிழ்ல டக்குன்னு வரமாட்டேங்குது."

"தாக்குப் பிடி," என்றேன்.

"ஆங், கரெக்ட்!"

மீதி வரிகளையும் சொன்னாள். உன்னை யாரும் பார்க்கவில்லையா, தாக்குப் பிடி. உன் பெயரை மறந்துவிட்டார்களா, தாக்குப் பிடி. கதவு திறக்கும்வரை தட்டு. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வியர்வை என்று நினைத்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறாள். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கென்று ஒரு பாட்டு கிடைத்தது.

மறுநாள் அம்மாவின் உடம்பைத் துடைக்கும்போது கைப்பேசியில் அதைப் போட்டேன். அந்தச் சொல் வந்ததும் அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். எத்தனையோ மாதமாக மங்கிக் கிடந்த முகம் மலர்ந்துவிட்டது.

"சின்னவ கத்துறா, கேக்குதா? அக்கா வந்தா, அக்கா வந்தான்னு. கதவைத் திறங்க."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சின்ன வயதில் அனிதாவின் பள்ளிப் பேருந்து எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து நின்றதும் சன்னலில் நின்று அப்படித்தான் கத்துவேன். என் குரல் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. அக்கா வருவதை அறிவிக்க மட்டும்.

பாட்டை நிறுத்தினேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தேக்கா சந்தையில் மீன் வாங்கி, முள் எடுத்துக் காய்ச்சிய கஞ்சி ஆறிப்போனது. மறுநாளும் சாப்பிடவில்லை. வேறு என்ன செய்ய? பாட்டைப் போட்டேன். கதவைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். என் பாட்டையும் அனிதா எடுத்துக்கொண்டாள்.

அவளை அழைத்துச் சொன்னேன். "சோ ஸ்வீட் லா! அம்மா என்னை மறக்கவே இல்ல பாரு," என்றாள். டிசம்பரில் பார்க்கலாமாம். எந்த டிசம்பர் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் அம்மாவுக்குப் பாட்டும் போதவில்லை. "வந்தா வந்தாங்கிறா, எங்க?" என்று மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

நேற்று மத்தியானம் பாட்டை ஓடவிட்டு வாசலுக்கு வெளியே போனேன். அனிதா மாதிரி முடியை அவிழ்த்துவிட்டேன். அந்தச் சொல் வந்ததும் கதவைத் தட்டி உள்ளே நுழைந்தேன்.

"வாடி! என்னடி இப்படி இளைச்சுப் போயிட்டே?"

என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் ஏங்கின "டி" அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பேராசை யாரை விட்டது?

"இனியா எப்படிம்மா இருக்கா?"

"அவ எங்க வர்றா? எட்டிக்கூடப் பார்க்கிறதில்ல. ஒரு வேலைக்காரம்மாதான் பார்த்துக்குது. முரட்டுக் கை. என்னை உன்கூடக் கூட்டிட்டுப் போயிடுடி."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அனிதாவை இவள் மனசிலிருந்து பிடுங்கி எறிய இதைவிட நல்ல நேரம் வராது.

"முடியாதும்மா," என்றேன் அக்காவின் குரலில். "நீங்க எனக்கு பாரம். இனிமே வரமாட்டேன். அந்த வேலைக்காரியோடயே கிடங்க."

அம்மாவின் கைகள் என் முகத்திலிருந்து நழுவின. நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் கன்னத்தைத் தடவினாள்.

"பரவாயில்லடி. உனக்கு எவ்வளவு வேலையோ. வந்து முகத்தைக் காட்டினியே, அது போதும்."

வாயைத் திறந்தாள். கஞ்சி முழுவதையும் ஊட்டினேன். முடியை முடிந்துகொண்டு, பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டு வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் மக வந்துட்டுப் போனா. நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்," என்றேன். "நாளைக்கும் வருவாங்க."