ஊற வைத்த கான்கிரீட்

காதருடையது பதினெட்டு வருஷம் சுண்ணாம்புக் காரை அரைத்த கை. காரையை அரைத்த சூட்டோடு பூசக் கூடாது. ஈரச் சாக்குப் போட்டு மூடி ஊற வைக்க வேண்டும். ஊறினால்தான் வெண்ணெய் மாதிரி இழுக்கும். மயிலாப்பூரில் அப்படி அவர் ஊற வைத்த காரையில் நிற்கிற சுவர்கள் அநேகம்.

ஆனால் 1948-இல் எழும்பின புது வீடுகளுக்கெல்லாம் கான்கிரீட் கூரை. காரைக்காரனைக் கூப்பிட ஆளில்லை. சுண்ணாம்பில் வெந்த விரல்களுக்கும் அதில் வருத்தமில்லை. நாற்பது வயதில் தியாகராய நகரில் ஒரு தகரக் கொட்டகையில் நடந்த கான்கிரீட் வகுப்பில் போய் உட்கார்ந்தார். சனிக்கிழமைதோறும், மூன்று மாதம். எழுத்துக் கூட்டவே போன வருஷம்தான் படித்தவர், ‘கலந்த அரை மணிக்குள் போட்டுவிட வேண்டும்’ என்று நோட்டில் எழுதி அடியில் கோடும் இழுத்திருந்தார்.

தேறினவனுக்கு வேலை காத்திருந்தது. அடையாற்றில் மூன்று மாடி கட்டுகிற கான்ட்ராக்டர் சுயம்புலிங்கம், “ஒண்ணாந்தேதிக்குள்ள பாஸ் சீட்டோட வா, நீதான் மேஸ்திரி. தவறினா வேற ஆள்” என்று சொல்லியிருந்தார்.

பரீட்சையன்று ஆளுக்கு இவ்வளவு என்று சிமெண்டும் மணலும் ஜல்லியும் அளந்து வைத்திருந்தது. கலந்து மூன்று இரும்பு அச்சுகளில் நிரப்ப வேண்டும். கட்டியானதும் ஏழாம் நாள் மெஷினில் வைத்து நசுக்கிப் பலம் பார்ப்பார்கள்.

காதர் எல்லாருக்கும் முன்னால் கலந்து முடித்தார். கலவை பார்க்கவே லட்சணமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கை தன்பாட்டுக்கு ஈரச் சாக்கை எடுத்து மூடிவிட்டது. அவரும் டீ குடிக்கப் போய்விட்டார். டீ, ஒரு பீடி, தெரிந்தவர் ஒருவரோடு ஒரு மணி நேரம் ஊர்க்கதை. திரும்பி வந்து சாக்கை விலக்கிக் கொத்துக் கரணையைக் குத்தினால், ‘ணங்’ என்றது.

பக்கத்தில் கோதண்டபாணி தன் மூன்று அச்சையும் நிரப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். கம்பி கட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது.

“இன்னா பாய், பிரியாணிக்கு தம் போட்டியா?”

“ஐயோ, ஊற வெச்சிட்டேன்டா!”

“கத்தாத. ஒரு சொம்புத் தண்ணி வுட்டுக் கெளறு, எளகிடும். சூப்பர்வைசரு அந்தாண்ட பாத்துக்கினு கீறாரு.”

காதர் சொம்பைத் தூக்கினார். இறுகினதில் தண்ணீர் விட்டால் இளகும், ஆனால் பலம் போய்விடும். இந்த மூன்று கட்டியோடு போகிற காரியமென்றால் ஊற்றியிருப்பார். அடுத்துப் போடப்போவது கூரையாயிற்றே, அதன் கீழே பிள்ளைகுட்டிகள் படுக்குமே. சொம்புத் தண்ணீரை மடமடவென்று தானே குடித்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

“சார், என் கலவை கெட்டுப்போச்சு. தப்பு என் மேல.”

வகுப்பு நடத்தின சூப்பர்வைசர் ரகுபதி வந்து பார்த்தார். தலையிலடித்துக்கொண்டார்.

“மூணு மாசம் கத்தினேனேய்யா! அச்சுல போடறதுக்கு முன்னாடியே சொன்னதால ஃபெயில் போடல. மறுபடி செய்யலாம். ஆனா சிமெண்டு எங்க? கன்ட்ரோல் காலம், சர்க்கார் அளந்துதான் குடுக்குது. அடுத்த மூட்டை எப்ப வரும்னு எனக்கே தெரியாது.”

ஒன்றாம் தேதிக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. காதர் நேரே அடையாற்றுக்கு நடையைக் கட்டினார்.

கான்ட்ராக்டர் கதை முழுவதையும் கேட்டார்.

“தண்ணிய ஊத்தி ஒப்பேத்தலியா?”

“இல்லீங்க. குடிச்சிட்டேன்.”

சுயம்புலிங்கத்துக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கியது.

“போன வருஷம் ஒருத்தன் கலவையைக் கலந்து வெச்சிட்டு சாப்பிடப் போயி, இறுகினதுல தண்ணி ஊத்திப் போட்டான். ஒரு கூரையையே இடிச்சேன். உனக்கு வேண்டிய சிமெண்டு இங்கயே இருக்கு. உங்க சாரை அச்சோட வரச் சொல்லு. என் கண்ணு முன்னால போடு.”

திங்கட்கிழமை ரகுபதி அச்சுகளோடு வந்தார். காதர் கலந்தார், நிரப்பினார், கம்பியால் குத்தினார். பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் பதினைந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

“பாய், ரயிலு எத்தினி மணிக்கு?” என்றான் வேடிக்கை பார்க்க வந்த கோதண்டபாணி.

ஏழாம் நாள் முதல் கட்டியை மெஷினில் வைத்தார்கள். முள் மெள்ள ஏறிற்று. காதர் கண்ணை மூடிக்கொண்டார். தேறவேண்டிய கோட்டைத் தாண்டியும் கட்டி வாய் திறக்கவில்லை. மற்ற இரண்டும் அப்படியே. ரகுபதி சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வீட்டு வாசலில் நின்று காதர் தொண்டையைக் கனைத்தார்.

“சகினா, மேஸ்திரி வந்திருக்காரு.”

யாரோ மேஸ்திரி அவரைத் தேடி வந்திருப்பதாக நினைத்த மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: “நீங்க வூட்ல இல்லன்னு சொல்லுங்க!”